காமனுக்கு மூன்றாம் நாள் இல்லை

மகள் கொழும்பிலிருந்து அழைத்தபோது நான் பதுளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்புத்தளைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல். பழைய தேயிலை ஃபேக்டரிய மாத்திக் கட்டியிருக்காங்க. மாசி மாசம் காமன் திருவிழான்னு ரெண்டு நைட் வைக்கிறாங்களாம். ஒங்களுக்கு புக் பண்ணிட்டேன். ஒங்க ஊர்த் திருவிழாதானே, போய் நிம்மதியா இருந்துட்டு வாங்க."

கடைக்காரர் முன்னால் வைத்துக் கத்த முடியவில்லை. அண்ணியை மண் மூடி நான்கு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு என்ன திருவிழா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் நல்ல மனதோடுதான் செய்தாள். நாங்கள் கொழும்பில் இருந்தபோது பிறந்து அங்கேயே வளர்ந்தவளுக்கு எங்கள் தோட்டம் என்பது விடுமுறைக்கு வந்து குளிரில் நடுங்கிவிட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் அழைத்தார். அந்த ஹோட்டலில் ஆடப்போவது எங்கள் தோட்டத்துக் கூத்துக்காரர்கள்தான், ரதி வேஷம் அண்ணன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணே? வருசம் திரும்பாத வீட்டுல காப்புக் கட்டலாமா?"

அண்ணன் அதை விட்டுவிட்டு, "நீ அங்கதான் தங்கப் போறன்னு மருமக சொன்னிச்சு. நீ வா தங்கச்சி. நீ உள்ள இருந்தா எனக்கு ஒரு ஒதவி ஆகும்" என்றார்.

காமன் கூத்து தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவனின் தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்துவிடுகிறார். காமனின் மனைவி ரதி அழுது புரண்டு கேட்டு மூன்றாம் நாள் அவனை எழுப்பித் தரச் செய்கிறாள். எங்கள் மலைத் தோட்டங்களில் மாசி பிறந்தால் இதுதான் பேச்சு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே காமன் பொட்டல் என்று ஒரு வெட்டவெளி இருக்கும். அங்கே ஆமணக்குக் கொம்பும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் காமனை நடுவார்கள். ஆம்பளைகளே காப்புக் கட்டி ரதியாகவும் மதனாகவும் வீடு வீடாக ஆடி வருவார்கள். பௌர்ணமியன்று காமனை எரிப்பார்கள். மூன்றாம் நாள் அந்தச் சாம்பலில் பால் தெளித்து, ரதி பாடி, காமனை எழுப்பிய பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். எழுப்பாமல் காப்பை அவிழ்க்கக்கூடாது. அப்படி அவிழ்த்ததாக எங்கள் தோட்டத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

மீசை முளைத்த நாளிலிருந்து அண்ணன்தான் ரதி. அவர் புலம்பல் பாட ஆரம்பித்தால் லயத்துப் பெண்கள் முந்தானையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அண்ணி மட்டும் சிரிப்பார். "வீட்டுல நான் அழுதா என்னான்னு கேக்காத மனுசன், வைக்கோலுக்கு என்னா அழுக அழுகுறாரு பாத்தீங்களா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். வேஷத்தோடு நிற்கிற அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இந்த வருடம் எங்கள் தோட்டத்தில் காமன் நடுகிற பேச்சே எழவில்லை. எழ முடியாது. சாவு விழாத வீடு என்று லயத்தில் ஒன்றுமில்லை. காமன் பொட்டலுக்கு மேலே இப்போது மலையில் பாதி கிடக்கிறது.

கார்த்திகை மழை அது. மழை வலுத்துவிட்டதென்று பெண்களைச் சீக்கிரமே மலையிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அண்ணி தோட்டம் கொடுத்த கூடையைத் திருப்பி வைத்திருக்கிறார். கொழுந்தெடுக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்குத் துணி, படங்கு என்போம், அதையும் அவிழ்த்து அங்கேயே காயப் போட்டுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று லயத்துக்குப் போயிருக்கிறார். அண்ணன் அப்போது பெரகலைச் சந்தியில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றார். சத்தம் அங்கே வரைக்கும் கேட்டதாம். இடி என்றுதான் நினைத்திருக்கிறார்.

மடுவம் தப்பியது. லயம் போய்விட்டது. சிலருடைய உடல்கள் கிடைத்தன. அண்ணியுடையது கிடைக்கவில்லை. இன்னும் சரியும், யாரும் உள்ளே போகக்கூடாது என்று நாடா கட்டி, தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வழக்கத்தில் புதைத்தாலும் எரித்தாலும் மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டும். செத்தவருக்கு அதுதான் கடைசியாக ஊற்றுவது. நாடாவுக்கு இப்பால் நின்று மண்ணைப் பார்த்து ஊற்றிவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை.

"எந்த எடத்துல ஊத்துறது? அவ எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? இன்னொருத்தவங்க மேல விழுந்துச்சுன்னா?"

அன்றிலிருந்து அவர் பால் போட்ட தேத்தண்ணி குடிப்பதில்லை. பால் இல்லாத சாயம்தான்.

ஹோட்டலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வசதிக்கு. முன்பு கொழுந்து வாட்டுகிற மாடியாக இருந்த இடம் முழுக்க அறைகள். ஜன்னலைத் திறந்தால் பெரகலைக்குக் கீழே தென்திசை மொத்தமும் பனிக்குள் தெரிகிறது. மெத்தையில் உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுகிறது. வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சேலை கட்டிய வரவேற்புப் பெண் ஒருத்தி தாம்பாளத்தில் மஞ்சள் கயிறுகளோடு நின்று, வருகிற விருந்தாளி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் காப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் அரைக்காற்சட்டையோடு நின்ற வெள்ளைக்காரருக்குக் கட்டி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு வேணாம்மா. எங்க வீட்டுல சாவு" என்றேன்.

"பரவால்ல மேடம், இது ஃப்ரீதான்" என்றாள்.

கையை இழுத்துக்கொண்டேன். நெற்றிக்கண் என்று பெயர் வைத்த ஒரு சிவப்புச் சாற்றைக் கண்ணாடிக் குவளையில் கொடுத்தார்கள். மிளகாய் போட்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயர் லயத்து விருந்து. தகரத் தட்டில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். தட்டுகளைப் பழையதாகத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நசுக்கி வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அங்கங்கே ஒரே மாதிரி நசுங்கியிருந்தன. மண் சரிந்த மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்ததும் இதே ரொட்டியும் சம்பலும்தான். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணனைத் தேடிப் போனேன். சமையலறைக்குப் பின்னால், எரிவாயு சிலிண்டர்கள் வைக்கும் இடத்தில் வேஷம் கட்ட இடம் கொடுத்திருந்தார்கள். ரதிக்கென்று ஹோட்டல்காரர்களே வாங்கிய ஜரிகைச் சேலை ஒன்று மின்னிக்கொண்டு தொங்கியது. அண்ணன் இன்னும் இடுப்பில் கட்டிய சாரத்தோடுதான் இருந்தார். முன்னால் வைக்கோலும் கரும்பும் கட்டிய காமன் படுத்துக் கிடந்தான். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

அதிலிருந்து எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணியின் படங்கு. மடுவத்தில் காய்ந்தது. சாயக் கறை படிந்து, முடிச்சுப் போட்ட ஓரம் கயிறாகத் திரிந்து போயிருந்தது.

"அவளோடதுன்னு மிச்சம் இது ஒண்ணுதான்" என்றார். வைக்கோலைப் பிரித்து, அதை நான்காக மடித்து, காமனின் நெஞ்சுக்குள்ளே வைத்தார். மேலே வைக்கோலை இழுத்து மூடிக் கயிறு கட்டினார்.

"எரிஞ்சா சாம்பலாவது கெடைக்கும்ல. அவ சாம்பல்னு ஒண்ணு இருக்கும்ல. மூணாம் நாள் காமன எழுப்புற பால்ல அவளுக்கும் ஊத்திர்றேன். அதுக்குத்தான் இங்க வந்தேன். தீட்டோட காப்புக் கட்டுனது தப்புதான், எனக்குத் தெரியும். சாமி பாத்துக்கட்டும்."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியை நான் வைக்கோலுக்குள் சொருகினேன்.

"இவங்க ரெண்டாம் நாளே எல்லாரையும் அனுப்பிருவாங்களாம். எழுப்புறது புரோக்ராம்லயே இல்லங்குறாங்க. பரவால்ல. கூத்து ஒண்ணும் வேணாம். நான் மட்டும் காலையில வந்து பாலத் தெளிச்சு நாலு வரி பாடிட்டுப் போயிர்றேன். அதுவரைக்கும் அந்தச் சாம்பல யாரும் தொடக்கூடாது. அத மட்டும் நீ பாத்துக்க."

அதை மட்டும். இந்த ஒரு வேலையை மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டார்.

நேராக மேலாளரிடம் போனேன். கொழும்புத் தமிழ்ப் பையன், மகன் வயது இருக்கும், மரியாதையானவன். நான் சொன்னதை நின்றபடியே கேட்டுக்கொண்டான். படங்கைப் பற்றிச் சொல்லவில்லை. அது அண்ணனின் விஷயம். எரித்த இடத்தை மூன்றாம் நாள் காலை வரை அப்படியே விட வேண்டும், அது எங்கள் வழக்கம், ஒரே ஒருவர் வந்து பால் தெளித்துவிட்டுப் போய்விடுவார் என்றேன்.

"கட்டாயம் மேடம். நான் சொல்லிர்றேன். இந்த மாதிரி விஷயங்கள்தான் எங்களுக்குப் பெருமை" என்றான். நான் நம்பினேன்.

லயத்தில் விடிய விடிய நடக்கிற கூத்து அது. இங்கே படம் பிடிக்க வெளிச்சம் நன்றாக இருக்குமென்று அந்தி நேரத்தில் வைத்துச் சுருக்கி முடித்துவிட்டார்கள். புல்வெளியில் வளைத்து நாற்காலி போட்டு, போர்த்திக்கொள்ளக் கம்பளியும் கொடுத்திருந்தார்கள். ஒருவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மதன் ஆடினான், சிவன் கண்ணைத் திறந்தார், தப்பு முழங்கியது, காமனுக்குத் தீ வைத்தார்கள். வைக்கோல் குப்பென்று பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வைக்கோல் வாசனைக்கு நடுவே சாக்கு எரிகிற வாசனை வந்தது. அது என்ன வாசனை என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் புலம்பலை எடுத்தார். ரதியின் வார்த்தைகளில்தான் ஆரம்பித்தார். எனக்கு மனப்பாடமான பாட்டு. நடுவில் ஓரிடத்தில் குரல் மாறியது.

"கொழுந்து நிறுத்துப்புட்டு வாரேன்னு போனவளே,
தேத்தண்ணி ஆறிப்போச்சே, நீ வந்து குடிக்கலியே."

ரதி தன் புருஷனை அல்லவா அழைக்க வேண்டும்? தப்படிப்பவர்கள் கை ஒரு கணம் நின்றுவிட்டது. அவர்களும் மனைவியையோ பிள்ளையையோ அந்த மண்ணுக்குள் விட்டவர்கள். ஒருவர் தப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஒலிபெருக்கிக்காரர் இதுதான் புகழ்பெற்ற புலம்பல் என்று சொல்லி நிறுத்தினார். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜரிகைச் சேலையோடு அண்ணன் நெருப்பின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். எனக்கு முன்னால் இருந்த பெண்மணி நடுநடுவே கண்ணைத் துடைத்தபடி அதை ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்?

கூத்துக்காரர்களை உடனே வேன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது அண்ணன் என்னைப் பார்த்துப் புல்வெளிப் பக்கம் ஒரு முறை தலையை ஆட்டினார்.

காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். புல்வெளி கழுவி விட்டது போல் ஈரமாக இருந்தது. கழுவித்தான் விட்டிருந்தார்கள். எரித்த இடத்தில் புதிதாகப் புல் பத்தை வெட்டி வைத்து, அதன்மேல் வெள்ளை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் ரோஜா நிற நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம்.

தலை வாரக்கூட இல்லாமல் கீழே ஓடினேன். மேலாளர் என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கிலேயே மறந்துவிட்டான் என்று தெரிந்தது.

"சாரி மேடம், ரியலி சாரி. நைட் ஷிஃப்ட்காரங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு. கல்யாணக்காரங்க விடியவே வந்துட்டாங்க."

"சாம்பல் எங்க?"

அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "குப்பையில போடல மேடம். எங்க ஹோட்டல்ல எதையுமே வீணாக்க மாட்டோம். உரக் குழியில போட்டிருப்பாங்க. ஃபுல்லா ஆர்கானிக்."

வாழ்க்கையில் ஒரு மனிதனை அறைய வேண்டும் என்று நான் நினைத்தது அன்றுதான். ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகப் பேசி, ஒழுங்காக மறந்துவிடுகிற இந்த மாதிரிப் பிள்ளைகளை அறைந்து என்ன ஆகப்போகிறது? உரக் குழியைக் காட்டு என்றேன்.

மரக்கறித் தோட்டத்துக்குப் பின்னால் பலகை அடைத்த குழி. முட்டை ஓடும் தோடம்பழத் தோலும் முதல் நாள் மிஞ்சிய ரொட்டியும் கிடந்தன. அதன்மேல் நனைந்த சாம்பல். குனிந்து ஒரு கை அள்ளினேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு குவியல், அதுவும் சாம்பல். அங்கே ஒன்று. நேற்றையதா, முந்தின நாளையதா?

"அது பீட்சா அடுப்பு மேடம். வெறகு அடுப்பு. தினமும் இங்கதான் கொட்டுவாங்க" என்றான், ஏதோ உதவி செய்கிறவன் போல.

கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். படங்கின் ஒரு நூல், ஒரு முடிச்சு கிடைக்காதா என்று குச்சி வைத்துக் கிளறியும் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு. கையைக் குழாயில் கழுவினேன். கழுவிய பிறகுதான் கழுவியிருக்கக்கூடாதோ என்று பட்டது.

அன்று விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் அப்புத்தளை டவுனில் என்னோடு முன்பு படிப்பித்த ஒரு டீச்சர் வீட்டில் தங்கினேன். அண்ணனுக்கு அழைக்க ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஃபோனில் சொல்கிற விஷயமா அது?

மூன்றாம் நாள் காலை ஹோட்டல் வாசலில் போய் நின்றேன். பனிக்குள் அண்ணன் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை. மணிக்கட்டில் காப்பு. கையில் ஒரு சோடாப் போத்தல் நிறையப் பால், தக்கைக்குப் பதிலாக வாழைச் சருகு. வாசல் காவல்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவரையும் விட்டார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அண்ணன் கத்துவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க போட்டாங்க? காட்டு."

கூட்டிப் போனேன். பலகையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் பார்த்தார். வாழைச் சருகை எடுத்தார். போத்தலைச் சாய்க்கப் போனவர் நிறுத்தினார்.

"இது பூராவும் காமன் சாம்பலா?"

இல்லை என்று சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"அடுப்புச் சாம்பலும் கலந்திருக்கு அண்ணே."

"எது எதுன்னு தெரியாது."

"தெரியாது."

அண்ணன் தலையை ஆட்டினார். சருகைத் திரும்பப் போத்தல் வாயில் சொருகினார். அழவில்லை. ரதியாக நின்றால் மலையே கேட்க அழுகிற மனிதர், அண்ணனாக நின்றபோது அவருக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நாங்கள் இருவரும் ரோட்டுக்கு வந்து பெரகலை பஸ்ஸில் ஏறினோம். பால் போத்தலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் கொஞ்சம் சிந்தி அவர் சாரம் நனைந்தது. அதைத் துடைக்கவுமில்லை.

காமன் எழவில்லை. அதனால் காப்பை அவிழ்க்க முடியாது. இன்றுவரை அது அவர் கையில்தான் இருக்கிறது. மஞ்சள் போய், கறுத்து, நூலாகி, தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. கவிச்சி தொடுவதில்லை, பாயில் படுப்பதில்லை, வெறும் தரைதான். கோயிலில் கேட்டு ஏதாவது பரிகாரம் செய்து அறுத்துவிடுங்கள் என்று நான் சண்டையே போட்டுப் பார்த்துவிட்டேன். "எழுப்பாம எப்புடி அவுக்குறது" என்பார். அதோடு சரி.

போன வாரம் பதுளைக்கு வந்திருந்தார். தற்காலிகக் கொட்டகையிலிருந்து வேறெங்கோ மாற்றப்போகிறார்களாம், அரசாங்கக் கச்சேரியில் அதற்கு ஒரு வேலை. சாயம் போட்டுக் கொடுத்தேன். வருகிற மாசிக்கும் ஹோட்டலில் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

"போகப் போறீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேற எங்க காமன் இருக்கு? போறேன். இந்தத் தடவ எரிஞ்ச எடத்துலயே படுத்துக்கிறேன், மூணு நாளும். தூக்கிப் போட்டாலும் போக மாட்டேன்." குவளையைக் கீழே வைத்தார். "ஆனா உள்ள வைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஓங்கிட்ட அவளோடது ஏதாச்சும் கெடக்கா தங்கச்சி? துணி, சீப்பு, எதுனாலும்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அலமாரியைக் கொட்டினேன். சமையலறைத் தட்டுகள், கட்டிலுக்கடியில், பழைய பெட்டிகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போனவர் அண்ணி. தேயிலைத் தூள் கொண்டு வருவார், கீரை கொண்டு வருவார், முருங்கைக்காய் கொண்டு வருவார். கிளம்பும்போது வந்த பாத்திரத்தைத் தானே கழுவித் துடைத்து வைத்துக்கொள்வார். கொண்டு வந்த பையைக்கூட மடித்து இடுப்பில் சொருகிக்கொள்வார். இருக்கட்டும் அண்ணி, வைத்துவிட்டுப் போங்கள் என்றால், "எங்களுக்கு வேணும்ல" என்று சிரிப்பார்.

வீட்டில் அவருடையது ஒன்றுமே இல்லை. அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.